ஒரே கட்டத்துக்குள் எங்களை அடைக்காத டாக்டர் டேனிரா

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தலைநகரப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, கரும்பு வெட்டுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் எங்கள் குடியிருப்பு மக்களே, வணக்கம். நான் யாஸ்மெய்ரி. என்னை நம்பி மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள், பாவம்.

ஆய்வறிஞர் டாக்டர் டேனிரா பௌலினோ போன செவ்வாய்க்கிழமை எங்களைப் பார்க்க வரும் வழியில், பேருந்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். எங்களிடம் வந்துகொண்டிருந்தவர் எங்களிடம் வந்து சேரவில்லை.

முன்பெல்லாம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எங்கள் மருத்துவமனையில் மஞ்சள் அட்டை, தனி ஜன்னல்; மற்றவர்களுக்கு வெள்ளை அட்டை. அது உங்களுக்கே தெரியும். ஒரு வியாழக்கிழமை அட்டைகளை நான் மாற்றிவைத்தேன். உறை மாறினால் உரை மாறுகிறதா என்று பார்க்கத்தான். ஆலை அதிகாரியின் மனைவிக்கு மஞ்சள் அட்டை போனது. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு நாற்காலி போட்டார்கள். ஹெய்ட்டியிலிருந்து வந்த நாதேஜ் சித்திக்கு வெறும் இருமல், வெள்ளை அட்டை. அவளைத் தொடக் கையுறை மாட்டினார்கள்.

நாங்கள் ஒதுக்கப்படுவதைப் பற்றி ஆய்வு செய்ய அங்கே வந்திருந்த டாக்டர் என் காதைத் திருகினார். பிறகு அட்டைகளையெல்லாம் சரிசெய்துவிட்டு, சித்தியிடம் ஆய்வுப் படிவத்தை நீட்டினார். ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் நோயா, நிறமா, மொழியா, குடியுரிமைக் காகிதம் இல்லாததா? ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் குறியிட வேண்டும்.

சித்தி சொன்னாள்: "அடிக்கிறவங்க எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறாங்க டாக்டரம்மா. எந்த அடி எதுக்குன்னு நான் எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

டாக்டர் அந்தப் படிவத்தை அங்கேயே கிழித்தார். அதன்பின் வீடு வீடாக வந்து முழுக் கதையையும் கேட்டார். எங்கள் வீடுகளில் பேசும் ஹெய்ட்டி மொழியான கிரெயோலை அவர் பேசிக் கேட்டால் கோழிகூடச் சிரிக்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவர மாட்டார். கூட ஒரு காது வந்தால் வாய்கள் மூடிக்கொள்ளும் என்பார். அப்படிக் கேட்டவர் வேறு யார்? அந்த மஞ்சள் அட்டையை ஒழித்தது வேறு யார்?

இன்னும் ஏழு வீடுகள் மீதி. டாக்டரை நம்பித்தான் பேச இருந்தோம், புது முகத்திடம் பேசமாட்டோம் என்கிறார்கள். பேசாவிட்டால் ஆய்வு நின்றுவிடும். அந்த ஏழில் ஒன்று என் வீடு. டாக்டர் என் கதையை நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் சிரிப்புக் காட்டித் தப்பித்தேன். கடைசியாக, "என் கதை இன்னும் முடியலையே டாக்டர்" என்றேன்.

"முடிஞ்ச கதை எனக்கெதுக்குடி? செவ்வாய்க்கிழமை வரேன்" என்றார்.

எந்தச் செவ்வாய் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரியோர்களே, நான் பிறந்ததே எச்.ஐ.வி.யோடுதான். பள்ளியில் என் தம்ளரை மட்டும் தனியாக வைத்தார்கள். அது நோய்க்கா, நிறத்துக்கா, அம்மாவின் மொழிக்கா? எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை. மற்ற ஆறு வீடுகளின் கதவையும் நாளை நானே தட்டுகிறேன். அவர்கள் பேசும்போது வெளியே போய் நிற்கிறேன்.

ஆசிரியர்களே, குறிப்பேட்டைத் திறவுங்கள். என் பெயரை முழுதாகவே எழுதுங்கள்.