தாலி கட்டும் நேரத்துப் படம்

கல்யாண வீடியோ நின்று நின்று வந்தால் எனக்குப் பிடிக்காது, சார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், படம் அப்படியே நின்றுவிடும், மறுபடி வரும்போது பந்தி நடந்துகொண்டிருக்கும். பிரான்சில் இருக்கும் என் தங்கை மங்கையர்க்கரசி தன் கொழுந்தன் கல்யாணத்தை அப்படித்தான் பார்த்தாள். அந்தக் கல்யாணப் பெண் வருஷம் திரும்புவதற்குள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டது. படம் நின்றதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் என் மகள் இளவேனிலுக்கு அப்படி ஒரு தடங்கல் வரக் கூடாது என்று பயந்தேன். தாயில்லாத பிள்ளை. பிரான்சுக்குப் போகும்வரை வளர்த்தவள் இந்த அத்தைதான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு தனியார் மருத்துவமனையையும் அதன் கிராமத்துக் கிளினிக்குகளையும் இணைக்கும் தனி நெட்வொர்க்கில், யாருக்கு எவ்வளவு வேகம் என்று ஒதுக்குகிறவன் நான். சாலையோரக் கேபிள் அறுந்தால் டவர் வழியாக மாற்றுப் பாதை தானாகவே திறந்துகொள்ளும். அதற்காக ஒதுக்கிய வேகம் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும், ஆள் வராத பந்தியில் போட்ட இலை மாதிரி. கல்யாணத்தன்று காலை மட்டும், தங்கை தடங்கலில்லாமல் பார்க்கட்டும் என்று, அதை வரிச்சிக்குடி மண்டபத்து வீடியோவுக்குத் திருப்பிவிட்டேன். முகூர்த்தம் முடிந்ததும் பழையபடி வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

அன்றைக்கென்று பட்டினச்சேரிப் பக்கம் வாய்க்கால் தோண்டிய பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பட்டினச்சேரி கிளினிக் நர்ஸ் அஞ்சுகம் போன் செய்தாள்.

"சார், லைன் போயிடுச்சு. அமிர்தலிங்கம்னு ஒருத்தர், போட்டுலேருந்து எறங்குனவரு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஈசிஜி எடுத்துட்டேன். டவுன் டாக்டர் பாத்துச் சொன்னாத்தான் ஊசி போட முடியும். மாத்து லைன் ஏன் சார் வரல?"

அங்கே செல்போனில் பேச்சு கேட்கும், படம் போகாது. அதற்காகத்தான் அந்த நெட்வொர்க்கையே போட்டது.

லேப்டாப் என் மடியில்தான் இருந்தது. ஈசிஜி ரொம்பச் சின்ன சமாச்சாரம், கல்யாணப் படத்தோடு ஓரமாகப் போய்விடும். ஆனால் பாதையைத் திருப்பும்போது மண்டபத்துப் படம் கொஞ்சம் நின்று வரும். திரையில் என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு வரவில்லை.

"ரெண்டு நிமிஷம்மா, வந்துடும்" என்றேன்.

மறுபடி அழைத்தாள். பின்னால் ஒரு பெண்பிள்ளை, "ஏங்க, கண்ணைத் தொறங்க" என்று அழுதுகொண்டிருந்தது கேட்டது.

"வேர்த்துக் கொட்டுது சார். வாசல்ல ஆட்டோ நிக்குது. நேரா டவுனுக்கே அனுப்பிடவா?"

இந்த இடத்தைத்தான் விசாரணையில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆட்டோவில் போனால், லைன் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்பார். மாற்றுப் பாதை எங்கே போனது என்று தேடுவார்கள். மகள் மணையில் இருக்கும்போது அப்பனுக்கு வேலை போன சேதி வந்தால் நன்றாகவா இருக்கும்?

"அனுப்பிடாதீங்கம்மா. லைன் ஏறிக்கிட்டு இருக்கு, கண்ணால பாக்குறேன்" என்றேன்.

எதுவும் ஏறவில்லை. அவள் நல்ல பெண். "சரிங்க சார்" என்றாள்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போட்டேன். அம்மி மிதித்து மெட்டி போடுவதையும் தங்கை பார்க்க வேண்டாமா? அதுவும் முடிந்த பிறகு பாதையைத் திருப்பினேன். சொன்னபடி லைன் வந்தது. டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு உடனே ஊசி போடச் சொன்னார். போட்டுக்கொள்ள அமிர்தலிங்கம் இல்லை.

பிறகு இளவேனில் என்னிடம், "அத்தை எல்லாத்தையும் பாத்தாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ஒரு எடத்துலகூட நிக்கலம்மா" என்றேன்.

ஆட்டோவை அனுப்பாதது தன் தப்பு என்று அஞ்சுகம் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாளாம். நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தாள். என் மேலும் என்ன இருக்கிறது, சார். நல்ல நேரத்தில் எதையும் நிறுத்தக் கூடாது.