பல் பதிஞ்ச பட்டை

அட, அதுக்குள்ள எழுந்துட்டீங்களே. உக்காருங்கம்மா. முதலாளி சாப்பிடப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. எந்தப் பியானோ யார் வீட்டுக்குப் போச்சுங்கிறதெல்லாம் அவரைத்தான் கேக்கணும். ஆனா மூணு வருஷத்துக்கு முன்னாடி போனதுன்னு சொல்றீங்க. அதை எங்கன்னு தேடுவீங்க? நான் சொல்றதக் கேளுங்க, பேசாம இதையே எடுத்துக்கோங்க.

உங்களது பழுப்பா? இது கறுப்பா இருக்கேன்னு பாக்குறீங்களா? பழுப்பு கறுப்பாகுறது என்னம்மா பெரிய விஷயம், நாலு கை பூச்சு அடிச்சா ஆயிடும். வயசு ஏறக்குறைய ஒண்ணுதான். இதே நீளம், இதே மாதிரி குண்டுக் காலு. உள்ள கம்பி மொத்தமும் நான் மாட்டுனது. கம்பிய அடிக்கிற சுத்தி இருக்கு பாருங்க, அது ஒவ்வொண்ணுக்கும் கம்பளி ஒட்டுனது இந்தக் கைதான். ஒரு கட்டைய அழுத்துங்க. ம்... கேட்டீங்களா, கிணத்துல கல்லு போட்ட மாதிரி எப்படி எறங்குது! என்னைப் பட்டறையில பாம்புச்செவின்னுதான் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடம் அஞ்சாங்கிளாஸோட சரி, எனக்கு எழுத்து வராது. காதுதான் எனக்குச் சோறு போடுது.

தம்பி சுத்திப் பாக்கட்டும், பரவாயில்ல. தட்டித் தட்டிப் பாத்தாலும் ஒண்ணும் ஆகாது. அவருக்குக் கேக்காதுன்னு நீங்க சொல்ல வேணாம், தெரியும்.

எப்படியா? அதான்... பாத்தா தெரியாதாம்மா? நீங்க கையால சைகை காட்டுனீங்கல்ல.

இது ஏன் இவ்வளவு நாளா விக்கலன்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. முதலாளியும் அதைத்தான் கேட்டுத் தலைய பிச்சுக்கிறாரு. ஜாதகம் சரியில்லாத பொண்ணு மாதிரி உக்காந்திருக்கேடான்னு இது மேலயே சாஞ்சுக்கிட்டுப் புலம்புவாரு. அவருக்குத் தெரியாதும்மா. வர்றவங்கள வெரட்டுறதே நான்தான். ஒரு டாக்டர் வந்தாரு. மாடி வீடா சார், இந்தக் கனத்துக்குத் தரை விரிசல் விடும், கீழ்வீட்டுக்காரன் சாப்பிடுற தட்டுலயே போய் எறங்கும்னு சொன்னேன். ஆளு படியெறங்கிட்டாரு. ஒரு பாட்டு டீச்சரம்மா வந்தாங்க. இடது பக்கக் கட்டையெல்லாம் சளி பிடிச்ச எருமை கணக்கா கத்தும்னு சொல்லிட்டேன். அந்தம்மா வாசிச்சுப் பாத்துட்டு, உங்களுக்குத்தான்யா காதுல சளின்னு சொல்லிச்சு. கெட்டிக்காரி. அப்புறம் வந்தவங்கள வண்டி வராது, படியில திரும்பாதுன்னு ஏதேதோ சொல்லி அனுப்பி வெச்சேன்.

ஏன்னா? இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

எப்போ?

அடக் கடவுளே. போய்ச் சேந்து ரெண்டு மாசமா... எனக்குத் தெரியாதும்மா. ஆஸ்பத்திரியிலயும் பியானோ பேச்சுதானா? என்னன்னு? லேட்டாப் போயிட்டேன், ரெண்டு நாள் முன்னாடி போயிருந்தா வாங்கியிருக்கலாம், என் பையனுக்கு நானே கெடுத்துட்டேன்னா? அப்படியா சொன்னாங்க? கடைசி வரைக்குமா?

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

பாருங்க, தம்பி இங்க வந்துட்டாரு. கட்டைக்கு முன்னாடி ஓடுற இந்தப் பட்டையைத் தடவுறாரு. கட்டை விரலால, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். இல்லன்னு தலையாட்டுறாரு, பாருங்க. அப்படியே அம்மாவ உரிச்சு வெச்ச மாதிரி. அவங்களும் இப்படித்தான் தடவிட்டுத் தலையாட்டுனாங்க.

ஆமாம்மா. எனக்கு அவங்களத் தெரியும்.

சின்ன வீட்டுக்கு மாறுறோம், எடம் பத்தாதுன்னு சொல்லித்தான பியானோவ எங்ககிட்ட வித்தாங்க. வண்டியில ஏத்திக்கிட்டு வந்தது நான். ஏத்துறதுக்கு முன்னாடி என்னைத் தனியாக் கூப்பிட்டு, அண்ணே, நீங்க எதை வேணா மாத்துங்க, இந்தப் பட்டைய மட்டும் தொடாதீங்கன்னு சொன்னாங்க. குனிஞ்சு பாத்தேன். குட்டி குட்டியா பல்லுத் தடம். நான் வாசிக்கிறப்போ என் பையன் இதைக் கடிச்சுக்கிட்டு நிப்பான், அவனுக்குப் பாட்டு பல்லு வழியாத்தான் போகும்னு சொன்னாங்க. சரிம்மான்னு சொன்னேன். காதுல விழலன்னு சொல்ல முடியுமா? பாம்புச்செவியாச்சே.

பட்டறைக்கு வந்ததும் முதல் வேலை பிரிக்கிறதுதான். பட்டைக்கு நாலே நாலு திருகு. கழட்டி மத்த பலகைங்களோட சாத்தி வெச்சேன். அங்கதான்ம்மா தப்பு நடந்துச்சு. பியானோவுல இருக்குற வரைக்கும் அது உங்க தம்பி கடிச்ச பட்டை. கழட்டிச் சாத்திட்டா பலகையோட பலகை. பத்து நாள் கழிச்சு வரிசையா எடுத்துத் தேய்க்கிறேன். கையில பள்ளம் தட்டுப்பட்டுது. இந்தக் கைக்குப் பள்ளம் தட்டுப்பட்டா நிக்காது. மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சேன், உப்புத்தாள் போட்டேன், பியானோ மொத்தத்துக்கும் அடிச்ச கறுப்புப் பூச்சையே இதுக்கும் அடிச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு, பாத்துக்கோங்க. திரும்பக் கொண்டுபோய் நாலு திருகையும் முடுக்கி, எட்டி நின்னு பாத்தப்பதான் அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு.

சொல்லியிருக்கணும். யாருகிட்டயும் சொல்லல.

அடுத்த வாரமே அம்மா வந்து நின்னாங்க. பியானோ போனதுலேருந்து வீடு ஊமையாயிடுச்சுன்னு பையன் எழுதிக் காட்டுறான், கட்டிலப் போட எடமில்லன்னாலும் பரவாயில்ல, திருப்பிக் குடுத்துடுங்கன்னாங்க. அன்னைக்கும் முதலாளி இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன். அம்மா ஒவ்வொரு பியானோவாத் தடவிக்கிட்டே வந்து இங்க நின்னாங்க. பட்டையத் தடவிட்டு, இது இல்ல, எங்களது எங்கண்ணேன்னு கேட்டாங்க.

இல்லம்மா, இருங்க, இன்னும் முடியல. திட்டுறதுன்னா மொத்தமாத் திட்டிக்கோங்க.

இந்தாங்க, இந்தத் திருப்புளிய பிடிங்க. பட்டையக் கழட்டி வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா அடைச்ச எடம் லேசா அமுங்குன மாதிரித் தெரியும். நான் சீவி எடுக்கல, அடைச்சது மட்டும்தான். குத்தூசியால நெம்புனா பசை உதிர்ந்துரும், தடம் அடியில அப்படியே இருக்கும். அரைமணி நேர வேலை. அன்னைக்கும் அரைமணி நேர வேலைதான். ஆனா அந்தம்மா முன்னாடி நான் வாக்குத் தவறிட்டேன்னு சொல்ல இந்த வாய் வரல. அதான் வேற யார் வீட்டுக்கும் இது போயிடக் கூடாதுன்னு வர்றவங்கள வெரட்டுனேன். தம்பியே நெம்பட்டும், நான் தொடல.

உங்க அம்மா ஒண்ணும் லேட்டா வரல. நேத்துதான் வித்துப் போச்சும்மான்னு நான்தான் சொன்னேன். அப்பவும் அவங்க கை இது மேலதான் இருந்துச்சு.