பலகையைப் படிக்காத இருவர்

தடித்த எழுத்து என்றால் எல்லோரும் அகலமாக வரைந்துவிடுகிறார்கள், சார். கோடு தடியாக, உடல் ஒடுக்கமாக இருக்க வேண்டும். குறுகிய பலகையிலும் உயரமாக நிற்கும். நாற்பது அடிக்கு அப்பால் வருகிறவனையும் நிறுத்தும். ஆனால் 'ஆ'வை ஒடுக்கினால் சுழி அடைத்துக்கொள்ளும். அந்த ஓர் எழுத்துக்கே எனக்கு எட்டு மாதம் ஆனது.

சாயத் தொழிற்சாலையின் எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் நான் செய்தவை. போன வருடம் புது மேனேஜர் வந்தார். "இதெல்லாம் கத்துற மாதிரி இருக்கு. கண்ணுக்கு இதமா மாத்துங்க" என்றார். நூல் போன்ற எழுத்தில் புதுப் பலகைகள் வந்தன. மாட்டியதும் நான்தான்.

என் தங்கையின் கணவர் அங்கேயே பராமரிப்புப் பிரிவில் இருந்தார். தங்கமான மனிதர். அன்று சாப்பாட்டு மேஜையில், "விடுங்க மச்சான், எழுத்துல என்ன இருக்கு? படிக்கிறவன் எப்படியும் படிச்சுப்பான்" என்றார். எனக்குக் கோபமில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றியது.

கழிவுத் தொட்டியில் விஷவாயு சேரும். மூடியைத் திறந்து ஒரு நாள் காற்று விட்டு, பிறகுதான் அங்கே தொங்கும் எச்சரிக்கைப் பலகையைக் கழற்றுவார்கள். திறந்த தொட்டியில் பலகை தொங்கினால் இன்னும் இறங்கக் கூடாது என்று அர்த்தம். வியாழக்கிழமை காலை மாப்பிள்ளைக்கு உள்ளே பம்ப் வேலை இருந்தது. முந்தின நாள் மூடியைத் திறக்க வேண்டிய ஆளிடம், நானே திறந்துவிடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். அன்று திறக்கவில்லை. மறுநாள், மாப்பிள்ளை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பூட்டையும் சங்கிலியையும் எடுத்து மூடியைத் தள்ளி வைத்தேன். பலகையைத் தொடவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டோர் ரூம் ஜன்னலருகே நின்றேன். அவர் வந்தார். பலகை அவர் தோளுயரத்தில் இருந்தது. பார்வை அதன் மேல் போய், நிற்காமல் வந்துவிட்டது. ஏணியில் இறங்கினார். ஏதோ விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே வந்த வெல்டர் குனிந்து பார்த்துவிட்டு அவரைத் தூக்க இறங்கினார். அவரும் படிக்கவில்லை. வெல்டருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிறகு சொன்னார்கள்.

நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் மணியை அடித்தேன்.

மறுவாரமே மேனேஜர் பழைய பலகைகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். துடைத்துக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் தங்கை வந்து எதிரில் உட்கார்ந்தாள். அழுது முடித்திருந்தாள். "ஜன்னல்கிட்டதான் நின்னியாமே அண்ணே. ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது, சார்? நான் குரல் கொடுத்திருந்தால் மாப்பிள்ளை நின்றிருப்பார். அப்புறம் அந்த எழுத்து யாரையும் நிறுத்தாது என்பதை இவர்களுக்கு யார் காட்டியிருப்பார்கள்? இனி அங்கே ஓர் உயிரும் போகாது. அதை நான்தான் செய்தேன்.