பெற்றிசியாவின் பேரில் நின்ற கழுதை

கழுதைகளுக்கு என்னைப் பிடிக்கும், ஐயா. குதிரைகளுக்கென்று வந்த அரசாங்கத் திட்டம் மன்னார்த் தீவில் கழுதைகளில்தான் இறங்கியது. அரிசிமணி அளவு சிப் ஒன்றைக் கழுத்துத் தோலுக்குள் ஏற்றுவது என் வேலை. சிப்பை வாசிக்கும் கருவியைக் கிட்டப் பிடித்தால் கீச்சிடும்; போனில் சொந்தக்காரரின் பெயர் வரும். அந்த மிருகத்தால் வரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு.

இங்கே கழுதைக்கு யார் சொந்தக்காரர்? றோட்டில் பிறந்து றோட்டில் படுப்பவை. பெயரில்லாதவற்றை லொறியில் ஏற்றிவிடுவார்கள் என்றதும் தாழ்வுபாட்டுப் பெற்றிசியா அக்கா ஓடிவந்தார். தனி மனுசி. வாசலில் மரக்கறித் தோல் போட்டுக் கழுதை வளர்ப்பவர்.

“எல்லாத்தையும் என்ர பேரில போடு, யசோ.”

“கலியாணத்துக்குக்கூட இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டியள், அக்கா.”

“போடா. ஆண்டவர் ஏறின சாதி. உன்ர பிக்கப்பிலயே அவர் ஏறினவர்?”

சிரித்துக்கொண்டே போட்டேன்.

பெரிய வெள்ளி பின்னேரம் சனமெல்லாம் கோயிலில் நின்றது. பதிவுகளை அன்றே ஏற்றி முடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு கையால் பிக்கப்பை ஓட்டினேன், மறு கையால் போனில் ஏற்றினேன். கடற்கரையில் மீனுக்கு ஐஸ் வைக்கும் வாடிக்குச் சைக்கிளில் போன பெடியன் பிரசாந்தனை நான் காணவில்லை.

கழுதை குறுக்கே பாய்ந்தது, ஸ்டியரிங்கை வெட்டினேன், கழுதையோடு பிரசாந்தனும் அடிபட்டுவிட்டான் என்று பொலிஸ் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். செத்துக் கிடந்த கழுதையின் கழுத்தில் உங்கள் முன்னால் நானே கருவியைப் பிடித்தேன். பெற்றிசியா அக்காவின் பெயர் வந்தது.

அங்கே கழுதை எதுவும் பாயவில்லை. அவருடைய வாசலில் நின்ற ஒன்றை நான்தான் பிறகு கூட்டிவந்தேன். பிக்கப்பில் மயக்க ஊசி இருந்தது. போட்டு, நன்றாக மயங்கிய பிறகுதான் பிக்கப்பை அதன் மேலே ஏற்றினேன். நோகாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செத்த வீட்டுக்குப் போய்ப் பிரசாந்தனின் தாயின் காலில் விழுந்தார். பிறகு என்னிடம் வந்தார். “என்ர பிள்ளையால உனக்கும் கரைச்சல், தம்பி,” என்று கண்ணைத் துடைத்தார். நாளைக்கு வழக்கு. சட்டத்தரணி வேண்டாமாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு மறியலுக்குப் போய்ச் சிறையில் இருக்கப் போகிறார்.

அதற்காக மட்டும் நான் வரவில்லை. பற்றரியைக் கழற்றிய பிறகும் கருவி கீச்சிடுகிறது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இப்போது அலுமாரி கீச்சிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னால் ஒரு மூச்சு இழுக்கிறது.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். நான் குனிந்து பார்த்தபோது பிரசாந்தனுக்கு உயிர் இருந்தது. “அண்ணை, தண்ணி,” என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான். பிழைத்தால் நடந்ததைச் சொல்லியிருப்பான்.

ஆனால் அவனைச் சாகவிட்டுப் போனேன் என்று எழுதவேண்டாம், ஐயா. திரும்பி வரத்தான் போனேன். இழுத்தால் கழுதை வராது. என்னிடமிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டித்தான் அதைக் கூட்டிவர வேண்டியிருந்தது. அதனால்தான் சுணங்கிவிட்டது.