முதலில் பேர், பிறகு பூஜை

"அரசியல் சட்டமெல்லாம் கோர்ட்டோட சரி, எஸ்டேட்டுக்குள்ள வராது" என்று, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன என்னிடம் எஸ்டேட்டில் பக்கத்து வீட்டு மாமா ஒருமுறை சொன்னார்.

போன வாரம் குன்னூர் பஸ்ஸில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் என் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏ ஆயிஷா, காலையில வேலைக்கு முன்னாடி பூஜையில நிக்கலைன்னு உனக்கு ஆப்சென்ட் போட்டாங்களாமே?"

"ஆமாங்க்கா. உங்க சாமி மேல எனக்கென்ன கோவம்? பூஜை முடிஞ்சுதான் பேர் கூப்பிடறாங்க. தள்ளி நின்னா வரலைன்னு எழுதிடறாங்க."

"நீ போனதுக்கப்புறம் நாங்க பத்துப் பேரு மேனேஜர்கிட்டப் போனோம். மொதல்ல பேர் போடுங்க, அப்புறம் கும்புடறவங்க கும்புடட்டும்னோம்."

"என்னக்கா சொன்னாரு?"

"சட்டம் பேசறியான்னாரு. ஆமாங்க, கும்புடவும் கும்புடாம இருக்கவும் எல்லாருக்கும் உரிமை இருக்குதுங்கன்னேன். யோசிச்சுட்டு, சரி, நாளையிலிருந்து பேரு மொதல்லன்னுட்டாரு."

"உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"அதுக்கென்ன கோவம்? இனிமேதான் அதைப் பார்க்கணும்னு ஆசையிருக்கறவங்க மட்டும் வருவாங்க."

ஆயிஷா சிரித்தாள்.

எங்கள் எஸ்டேட்டிலும் பூஜைக்குப் பிறகுதான் பேர் கூப்பிடுகிறார்கள். அதை மாற்றக் கேட்டு நான் எழுதிய மனுவில் அங்கே கொழுந்து பறிக்கும் அம்மா நேற்று முதல் கையெழுத்துப் போட்டாள். இன்று காலை ஆபீஸில் கொடுத்துவிட்டேன்.