புழுவுக்கு விட்ட வரிசை

தலைமை நாற்காலிக்குப் பெருமை சேர்த்து வீற்றிருக்கும் நம் கூட்டுறவுச் சங்கத் தலைவர் காளிதாசன் அண்ணன் அவர்களே! பெண்டாங்கில் வயல் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் பெரியோர்களே! குருண் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய எரிய அமர்ந்திருக்கும் தம்பிமார்களே! முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத தாய்மார்களே! மேடை ஓரத்தில் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் விதை வியாபாரி தம்பி தயாளன் அவர்களே! அனைவருக்கும் உங்கள் சாந்தினியின் வணக்கம். தயாளன் தம்பிக்கு மட்டும் வணக்கத்தோடு கொஞ்சம் சந்தேகமும்!

சிரிக்காதீர்கள். எதற்காகக் கூடியிருக்கிறோம்? அவருடைய புது விதைக்குக் கைதூக்க. ரப்பர் மரங்களை வெட்டி அகற்றிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டவர்கள் நாம். போன விளைச்சலைப் படைப்புழு தின்று தீர்த்தது. இன்னொரு விளைச்சலும் போனால் அந்த நிலம் நம் கையில் இருக்காது. அந்தப் பயத்தில்தான் பேசுகிறேன்.

முதல் விதையோடு தம்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? "அக்கா, மருந்து இந்தச் சோளத்துக்குள்ளயே இருக்கு. மரபணுவுல வச்சிருக்காங்க. புழு கடிச்சா செத்துடும் லா" என்றார். செத்தது! இல்லையென்று சொல்ல மாட்டேன். கோயில் ரோட்டோரம் மட்டும் சில வரிசை சாதாரணச் சோளம் போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டோம். "கம்பெனி ரூல்ஸ் கா" என்றார். அவ்வளவுதான் விளக்கம்!

அந்த வரிசைகளைப் புழு சல்லடையாக்கியது. அதற்குள் திருவிழா வந்தது. அம்மன் ரதம் அந்த ரோட்டில்தான் வரும். சுங்கைப்பட்டாணிச் சம்பந்திமார் பார்த்துச் சிரிப்பார்களே! விடுவோமா நாம்? கோத்தோங் ரோயோங் என்று ஊரே இறங்கினோம். புல்லை வெட்டினோம், கால்வாயை வாரினோம், அந்த வரிசைகளுக்கும் சேர்த்து மருந்தடித்தோம். ரதம் வந்தபோது ரோடு பளபளவென்று இருந்தது. போன விளைச்சலில் அந்த மருந்துச் சோளத்தையே புழு மேய்ந்தது!

அங்கேதான், ஐயா, அங்கேதான் ஏமாந்தோம்! பினாங்கில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் என் மகள் சுபாஷினி தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அந்த வரிசைய புழுவுக்குன்னு விட்டிருக்காங்க. அதப் போயி கிளீன் பண்ணிட்டீங்களே!" என்றாள்.

கேளுங்கள். மருந்துச் சோளத்தைத் தின்றும் ஏதோ ஒன்றிரண்டு புழு சாகாது. அது வளர்ந்து பூச்சியாகித் துணை தேடும். பக்கத்திலே சாதாரணச் சோளம் தின்று வளர்ந்த பூச்சிகள் நிறைய இருந்தால் அவற்றோடு சேரும். பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மருந்துக்குச் சாகும். அந்தச் சாதாரணப் பூச்சிகளையெல்லாம் நாம் கொன்றுவிட்டால்? சாகாததும் சாகாததும் சம்பந்தம் பேசிக்கொள்ளும். பிறப்பதெல்லாம் சாகாத வம்சம்!

என்ன கேட்கிறார் மருதம்மாள் அக்கா? "அப்ப நாமதானா காரணம், சாந்தினி?" பாதி நாம்தான் அக்கா. மீதிப் பாதி எங்கே? அந்த மருந்து யாருடைய வேனில் வந்தது? நாம் அடித்தபோது குடை பிடித்து நின்று மோர் குடித்தது யார்? "அக்கா, இதுக்கு மட்டும் அடிக்காதீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாரா? ஏன் சொல்லவில்லை? தெரியாதா? தெரியாமல் விதை விற்கலாமா? தெரியுமா? தெரிந்துகொண்டே மருந்தும் விற்றாரா? பழைய விதை தோற்றால்தானே புது விதைக்குச் சந்தை?

பின்னாலிருந்து யாரோ "ஜாகா மூலுட் லா அக்கா" என்கிறார். வாயைக் காத்துத்தான், தம்பி, வயலை விட்டோம்!

இதோ இந்த மைலோ டின். நம் வயலில் பிடித்த குட்டிப் புழு, அரிசி நீளம்கூட இல்லாதது, ஒன்றே ஒன்று உள்ளே இருக்கிறது. கூட்டமாகப் போட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும் சாதி அது. தின்ன வேறெதுவும் வைக்கவில்லை. புது விதைக்கென்று தயாளன் தம்பி நட்டுக் காட்டிய பாத்தியின் இலைகள் மட்டும்தான். வாரத் தொடக்கத்தில் தலைவரே தம் கையால் மூடி டேப் ஒட்டினார். தம்பியும் பக்கத்தில் நின்று பார்த்தார். உள்ளே என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியாது. புழு செத்திருந்தால் முதல் கை என் கை! காலைப் பிடித்தும் மன்னிப்புக் கேட்பேன்.

தம்பி, நீங்களே திறவுங்கள். ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறீர்கள்? உங்கள் விதை, உங்கள் இலை, உங்கள் பேச்சு. பயம் மட்டும் எதற்கு? சரி, தலைவரே, நீங்கள் பிரியுங்கள்.

அடி ஆத்தே! பாருங்கள், தாய்மார்களே, கிட்டே வந்து பாருங்கள்! இலையில் நரம்புதான் மிச்சம். நம் ஆள் கொழுகொழுவென்று நெளிகிறான்!

ஒரு புழுவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு புழுவுக்கே பதில் சொல்லாமல் நம் நிலத்தைக் கேட்கலாமா? தூக்க நினைத்த கையை இறக்கி மடியில் வையுங்கள். பதில் வரும்வரை ஒரு கையும் எழக் கூடாது. இனி எந்த விதை போட்டாலும் கோயில் ரோட்டு வரிசையில் ஒருவரும் மருந்து அடிக்கக் கூடாது. அம்மன் ஓட்டை இலையைப் பார்த்துக்கொண்டே வரட்டும். அவளுக்கு அதில் கௌரவக் குறைச்சல் இல்லை, நமக்குத்தான்!

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், குறுக்கே பேசி என்னைக் கிளப்பிவிட்ட அன்பர்களுக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் நன்றி. சாட்சி சொல்ல உயிரோடு வந்த இந்தப் புழுவுக்கும் நன்றி. மாலையைக் கழற்றத் தொடங்கியிருக்கும் தம்பி தயாளனுக்கு வணக்கம். கொஞ்சம் உட்காருங்கள் தம்பி, பதில் இன்னும் வரவில்லை!