கடைசி ராத்திரி யாருடையது

எங்கள் ஒஹாயோவில் பிப்ரவரி பிறந்துவிட்டால் ஜனங்களுக்குக் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். அதிகமாகக் கட்டிய வருமான வரி திரும்பி வருகிற மாதம். காருக்கு டயர் மாற்றுவார்கள், பெரிய டிவி வாங்குவார்கள். அந்த நாற்காலியில் நாய் முடி இருக்கும் ஐயா, தட்டிவிட்டு உட்காருங்கள்.

பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விவாகரத்தில் வீடு மனைவி கொலீனுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்திலும் பல் டாக்டரிடமும் எங்கள் மகள் மெய்ஸிக்கு ஒன்று என்றால் கொலீனைத்தான் கூப்பிடுவார்கள். இவள் என் பொறுப்பில் இருக்கும் பிள்ளை என்று வரிக் கணக்கில் ஒரு வரியாவது எனக்கு வேண்டியிருந்தது. பெற்றவர்கள் பிரிந்தால் ஒருவர்தான் பிள்ளையைக் காட்டலாம்; காட்டுகிறவருக்கு வரிப் பணம் கூடுதலாகத் திரும்பி வரும். வருஷத்தில் அதிக ராத்திரி யார் வீட்டில் தூங்கியதோ, அவர். முந்தின வருஷம் கொலீன் காட்டினாள். இந்த முறை நான் காட்டட்டுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"நீ வேணும்னா நாயைக் காட்டிக்கோ, டுவேன். அதுதான் தினம் உன்கூடத் தூங்குது."

நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னாள்.

டிசம்பர் கடைசி நாள் வந்தபோது இரண்டு வீட்டுக்கும் ராத்திரிகள் சரிசமம். அந்த ஒன்றுதான் பாக்கி. முறைப்படி அது என்னுடையது. மெய்ஸி மத்தியானம் வந்தாள், பனியில் நாயோடு ஓடினாள். சாயங்காலம் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஆஸ்துமா அவளுக்குப் பழசு. இன்ஹேலரை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கொலீனே போன் செய்தாள். "இன்ஹேலர் இங்கேயே கிடக்கு. கொண்டு வரவா? எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. தூங்கிட்டா," என்றேன்.

அவள் வந்தால் பிள்ளையைப் பார்ப்பாள். பார்த்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, அந்த ராத்திரி என் வீட்டில் தூங்கியதாக ஆகாது. அப்படித்தான் நினைத்தேன்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் மெய்ஸியை உட்கார வைத்தேன்.

"அப்பா, அம்மாட்ட போலாமா? நெஞ்சு வலிக்குது."

"காலைல முதல் வேலையா போலாம்டா கண்ணு."

தலையை ஆட்டினாள். அவள் அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

பிப்ரவரியில், எனக்கு வரிக் கணக்கு எழுதித் தரும் மார்லினிடம் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புத்தாண்டு அன்று இறந்துபோன பிள்ளையை முடிந்த வருஷக் கணக்கில் தாராளமாகக் காட்டலாம் என்றாள். பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டேன். அன்றைக்கு மெய்ஸி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்த ராத்திரி யார் கணக்கு?

"உன் கணக்குதான். உன் முறைதானே அது? ஆஸ்பத்திரில படுத்தாலும் உன் வீட்ல படுத்த மாதிரிதான். ஏம்ப்பா கேக்குற?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குச் சொன்னது அவளாகத்தான் இருக்கும். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

தூங்கிப்போய்விட்டேன், காலையில்தான் பார்த்தேன் என்று முதலில் வந்த போலீஸ்காரரிடம் சொன்னது பொய். நான் தூங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தேன். போன் என் மடியில் இருந்தது. விடிய இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று அதை எடுக்கவில்லை. பிறகு இரைப்பு அடங்கியது. ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த ராத்திரி முழுக்க நான் அவள் பக்கத்தைவிட்டு அசையவில்லை. கொலீனாக இருந்தால் அவ்வளவு நேரம் கண்விழித்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.